தகப்பன் இல்லை என்று எழுது

ஞானையனுக்கு எழுத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதற்கப்புறம் அவர் கண்ணில் பட்ட காகிதமெல்லாம் எவனோ எவனையோ ஏமாற்ற எழுதியதாகத்தான் இருந்தது. சிலதில் அவருக்கும் பங்கு உண்டு.

மகள் ஷைஜா எம்.காம். படித்தவள். வயசு இருபத்தெட்டு. மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். கடையில் நாற்காலி ஒன்றே ஒன்று உண்டு. அதில் முதலாளியின் பை உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டில் ஒரு சோலி கிடைத்தால் இந்த நிற்பு தீரும் என்று ஒரு வருஷமாக அவள் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று அனுப்பினாள். இல்லை என்று சொல்லக்கூட ஒருத்தனும் பதில் போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு முப்பத்திரண்டாவதற்கு உட்கார்ந்தாள். தாய்லாந்தில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டரில் வேலை. தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்களே தருவார்கள். விண்ணப்பத்தோடு ஒரு கவர் லெட்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"அதுல என்னத்தத்தான் எழுதுவே?" என்று கேட்டார் ஞானையன்.

"நம்மளப் பத்தி எழுதணும்பா. நான் ஏன் அந்த சோலிக்கு ஏத்தவளுன்னு."

"வாசி, கேப்போம்."

அவள் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். நான் கடின உழைப்பாளி, புதியவற்றைக் கற்பதில் ஆர்வம் உள்ளவள், குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்.

ஞானையன் சிரித்தார். "இதையே முப்பத்தோரு பேருக்கும் அனுப்புனியா? ஏட்டி, இதுல பூரா நீதானே இருக்கே. படிக்கவன் எங்க இருக்கான்? அவனுக்கு என்ன வேணும்னு பாத்து எழுதணும். ஒன் ஆர்வத்தக் கொண்டுபோயி அவன் என்ன, உப்புல போடப்போறானா?"

"பெரிய மேனேஜர் யோசன பறயாரு," என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் பூங்கனி. அவர் மனைவி.

"மேனேஜர் இல்ல. மேஸ்திரி. அறுநூறு பொம்பளையளச் சோலிக்கு எடுத்தவனாக்கும் நான்."

அது பொய்யில்லை. முப்பது வருஷம் அண்டியாபீசில் மேஸ்திரியாக இருந்தவர். முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கிற தொழிற்சாலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் கேட்டில் நாற்பது பெண்கள் நிற்பார்கள். பத்துப் பேரை உள்ளே விட வேண்டும். யாரை விடுவது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். முதலாளி அதற்காகவே அவரை வைத்திருந்தான்.

"திறமய எவனும் கேக்கமாட்டான், கேட்டியா. திறம எல்லாம் பத்து நாள்ல வந்துரும். லீவு கேக்காத ஆளு வேணும் அவனுக்கு. அப்பனுக்கு நெஞ்சுவலி, தம்பிக்குக் கல்யாணம்னு பாதியில பையத் தூக்கிட்டு ஓடாத ஆளு. அதை எழுது. எனக்குத் தகப்பன் இல்லைன்னு எழுது."

ஷைஜா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க குத்துக்கல்லுகணக்கா இருக்கிங்க."

"நான் இருக்கது தாய்லாந்துக்காரனுக்குத் தெரியுமா? செத்தாச்சுன்னு போடு. கூடப்பொறந்தவங்க இல்ல, அது உள்ளதுதான். அம்மய அவ தங்கச்சி பாத்துக்கிடுகான்னு எழுது. எத்தன வருசமானாலும் ஊருக்கு வரணும்னு கேக்கமாட்டேன். என்னப் பத்தி ஒருத்தரும் வந்து ஒங்களத் தொந்தரவு செய்யமாட்டாங்க. அவ்வளவுதான் லெட்டர்."

பூங்கனி கரண்டியோடு வெளியே வந்தாள். "உயிரோட இருக்க மனுசனச் செத்ததா எழுதப்படாது. ஆண்டவருக்கு அடுக்காது."

"ஆண்டவரு தாய்லாந்துக் கம்பெனி லெட்டரா வாசிச்சிட்டு இருக்காரு? நீ உள்ள போட்டி."

ஷைஜாவும் எழுதிவிட்டாள். முப்பத்தொரு தடவை வாய்மூடி இருந்த உலகத்தின்மேல் அவளுக்கும் கோபம் இருந்தது. அதை அடித்துத் திருத்தி வாங்க, சந்திப்பில் இருக்கிற ஷாஜனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். ஷாஜன் கல்யாண அட்டை, மரண அறிவிப்பு, கலெக்டர் மனு எல்லாம் அடிக்கிறவன். அவனே அடித்து, அவனே அனுப்பியும் விட்டான். அவள் வீட்டுக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது செல்போன் சத்தம் போட்டது.

நாற்பது நிமிஷத்தில் பதில்.

"நீங்கள் எங்களுக்கு மிகவும் பொருத்தமானவர் என்று கருதுகிறோம். உங்கள் கடிதம் எங்களைக் கவர்ந்தது" என்று வாசித்தாள் ஷைஜா. புதன்கிழமை மாலை நாலு மணிக்குப் போனில் நேர்காணல். அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் போட்டிருந்தது.

ஞானையன் மீசையைத் தடவினார். அறுநூறு பேரை எடுத்த மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் இருக்க ஷைஜாவால் முடியவில்லை. பக்கத்துக் கவுண்டரில் நிற்கிற பெபிஷாவிடம் சொன்னாள். பெபிஷா இரண்டு தெரு தள்ளி வாழைக்குலை கடை வைத்திருக்கிற யேசுதாசனின் மகள். இருபத்தி நாலு வயசு. வாய் ஓயாது. மறுநாளே வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, செத்துட்டியளாமே? அடக்கம் என்னைக்கு? நாங்க காப்பி குடிக்க வரணும்லா."

"ஒங்க அப்பன் குழி வெட்ட வரட்டும், பறயேன்."

"எனக்கும் அதுமாதிரி ஒரு லெட்டர் எழுதித் தருவியளா?"

"ஒங்கப்பனையும்லா கொல்லணும். சம்மதமா?"

"ஓ, அது கொள்ளாம், நல்லதுதான். அவரு கொறட்ட தாங்க முடியல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பூங்கனி மட்டும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தது. ஷைஜா கடையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். தலை வாரி, பொட்டில்லாத நெற்றியில் பவுடர் போட்டு, பார்க்கமுடியாத ஆளுக்காக நல்ல சுடிதார் உடுத்தியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஞானையன் சுவரோரம் ஸ்டூலில் இருந்தார். இருமல் வந்தால் அடக்கத் துண்டை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார். செத்தவன் இருமக்கூடாது.

பேசியவன் தமிழன். எந்த ஊர்த் தமிழ் என்று கண்டுபிடிக்க முடியாத வழவழப்பான தமிழ்.

"வணக்கம் மேடம். உங்க லெட்டர் படிச்சேன். மனசைத் தொட்டுடுச்சு. அப்பா எப்ப தவறினாங்க?"

ஷைஜா தகப்பன் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு வருசம் ஆச்சு."

"சாரி மேடம். சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமா?"

"ஆரும் இல்ல."

எழுதிக்கொள்கிற இடைவெளி விட்டு அடுத்தது வந்தது. கல்யாணப் பேச்சு ஏதும் நடக்கிறதா? பழகுகிற ஆள் உண்டா? சொந்தத்தில் போலீசிலோ பத்திரிகையிலோ கோயில் கமிட்டியிலோ யாராவது? பாஸ்போர்ட்டில் அவசரத்துக்கு யார் பெயர் கொடுத்திருக்கிறது? அம்மா பெயர் என்றால், அவருக்குப் படிக்கத் தெரியுமா? விமான நிலையத்துக்கு யார் வழியனுப்ப வருவார்கள்? வர வேண்டாம் மேடம், எங்கள் வண்டி வீட்டுக்கே வரும்.

ஷைஜா ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு இல்லைக்கும் அவன் குரலில் ஒரு இனிப்பு கூடியது.

ஞானையனுக்கு முதலில் காதுதான் உறுத்தியது. அவன் எம்.காம். பற்றிக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்கவில்லை. இங்கிலீஷ் பேசச் சொல்லவில்லை. பத்து நிமிஷமாகக் கேட்கிற கேள்வியெல்லாம் ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியை அவருக்குத் தெரியும். கேட்டில் நின்று முப்பது வருஷம் அவர் கேட்டது அது.

ஒனக்காக வந்து கேக்க ஆரு உண்டு?

செசிலியிடம் அப்படித்தான் கேட்டார். கடியப்பட்டணத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. அப்பன் இல்லை, அண்ணன் இல்லை. ஆரும் இல்ல அண்ணே என்று அவள் சொன்னதும் நாற்பது பேரில் முதல் ஆளாக உள்ளே விட்டார். வறுக்கிற டிரம் பக்கத்தில் நிற்க மற்ற பெண்கள் மறுத்துவிட்டிருந்தார்கள். ஆளுள்ள பெண்கள். அவளை நிறுத்தினார். நாலாவது மாசம் டிரம் கதவு தெறித்துக் கொதிக்கிற அண்டி எண்ணெய் அவள் இரண்டு கையிலும் விழுந்தது. வீட்டு அடுக்களையில் நடந்த விபத்து என்று முதலாளி ஒரு காகிதம் அடித்துக் கொடுத்தான். கைநாட்டு வைக்க விரல்களில் தோல் இல்லை. ஞானையன்தான் மைப்பெட்டியைத் தரையில் வைத்து, அவள் கால் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார். காகிதம் செல்லும் என்றான் முதலாளி. ஆபீசுக்கு ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. ஆள் பார்த்து எடுத்தது அதற்குத்தான். அன்றைக்கு அவர் நன்றாகவே தூங்கினார்.

"சூப்பர் மேடம்," என்றது போன். "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. செவ்வாய்க்கிழமை டிக்கெட். அக்கம்பக்கத்துல சொல்லாதீங்க, கண்ணு படும்."

ஷைஜா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது. ஞானையன் எழுந்துபோய் அவள் மடியிலிருந்த போனை எடுத்தார்.

"நான் அவ அப்பன் பேசுகேன்."

அந்தக் குரலில் இனிப்பு போயிருந்தது. "அப்பா இறந்துட்டதா லெட்டர்ல..."

"செத்தவன்தான் பேசுகேன். ஒம்ம பேரு என்ன? அப்பன் பேரு என்ன? ஒம்ம ஆபீசு எந்தத் தெருவுல? அவளக் கேக்க நான் உண்டு. அவளுக்கு மாமன்மாரு எட்டு பேரு உண்டு. எங்க கோயில்ல முந்நூறு வீடு. ஒரு நாளு அவ போன் வரல்லன்னா முந்நூறு வீடும் தாய்லாந்துல வந்து எறங்கும். மனசிலாச்சா? இனி டிக்கெட் அனுப்பும்."

லைன் அறுந்தது. ஷைஜா திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அந்த எண்ணில் இருந்த கம்பெனிப் படமும் காணாமல் போனது.

"நல்ல கம்பெனின்னா அப்பன் இருக்கான்னு கேட்டதும் ஓடுவானா?" என்றார் ஞானையன்.

"பொய் எழுதச் சொன்னது நீங்க. அதை நீங்களே போட்டு ஒடைச்சா எவன் சோலி தருவான்?" அவள் கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "செத்தவரு செத்தபடியே இருந்திருக்கலாம்."

அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை. சோற்றுத் தட்டைக் கொண்டு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பூங்கனி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, உப்பு வேணுமான்னு ஒங்க மக கேக்கா என்று தூது பேசினாள். ஞானையன் வருத்தப்படவில்லை. தன் வீட்டு வாசலைச் சாத்தியாயிற்று. உலகத்தில் இருக்கிற மற்ற வாசல்களைப் பற்றி அவர் என்றைக்கும் யோசித்தது இல்லை. அன்றைக்கும் யோசிக்கவில்லை.

அப்படிப் பதினோரு நாள் போனது. பன்னிரண்டாவது நாள் காலையில் முகம் மழிக்கும்போது ஒன்று தோன்றியது. தான் செத்ததாக எழுதிய காகிதம் ஷாஜனின் இயந்திரத்தில் கிடக்கிறது. நாளைக்கு எவனாவது அதை எடுத்து, பட்டாவில் பெயர் மாற்றிவிட்டால்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஷாஜன் கடைக் கண்ணாடியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு வேலைக்குக் கவர் லெட்டர் இங்கு தயாரித்துத் தரப்படும்.

"வாங்க மாமா, வாங்க. ஒங்களத்தான் நினச்சேன்."

"ஷைஜா லெட்டரு ஒன் பெட்டியில உண்டும்லா? அத அழி."

"அதையா? நல்ல கதை. அதுல்லா நம்ம மாடல்." ஷாஜன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். "பேரையும் தேதியையும் மாத்துனாப் போதும். மரண அட்டை அடிக்கது மாதிரிதான். நாலு பேருக்குப் போட்டுக் கொடுத்தாச்சு. ரெண்டு பேருக்குப் பதில் வரல்ல. ஒருத்திக்கு அடுத்த வாரம் டிக்கெட். ஒருத்தி போயும் சேந்தாச்சு. எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த வழியாக்கும். நாப்பது நிமிசத்துல பதிலு. எந்தப் படிச்சவன் எழுதினாலும் வராது."

"போயிச் சேந்தது ஆரு?"

"நம்ம யேசுதாசன் மாமா மக. பெபிஷா. போன செவ்வா."

ஞானையன் திரையைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து. அவருக்கு அது கம்பி வேலி மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"அவ கையெழுத்துப் போட்டு அனுப்புனத ஒரு காப்பி எடு. அடுத்த வாரம் போறவகிட்ட இப்பமே பேசு, வண்டி ஏறாதேன்னு சொல்லு. கண்ணாடியில உள்ளதக் கிழி."

"என்ன மாமா, என்ன விசயம்?"

"கிழிலே!"

யேசுதாசன் கடையில் செவ்வாழைக் குலையைக் கயிற்றில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஞானையனைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தார். "வாரும் ஓய். ஒமக்கு ஒரு சீப்பு சும்மா தரணும். ஒம்ம யோசனையாம்லா. பிள்ள போறது வரை எங்ககிட்டயே வாயத் தொறக்கல்ல. பெட்டியோட வந்து நின்னு பறயா, அப்பா நான் போயிட்டு வாறேன்னு. கம்பெனி வண்டியே வந்துது, பாத்துக்கிடும்."

"போன் வந்துதா?"

"எறங்கினேன்னு ஒரு மெசேஜ் வந்துது. பொறவு சிம் மாத்தணுமாம். ஞாயித்துக்கிழம பேசுவா."

"நேத்துதான் ஓய் ஞாயித்துக்கிழம."

யேசுதாசன் கயிற்றை விடவில்லை. குலை அந்தரத்தில் ஆடியது. "புது இடம்லா. சோலி இருக்கும்."

"கூப்பிடும்."

அவள் போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. கம்பெனி எண்ணைப் போட்டார்கள். இப்படி ஒரு எண் உபயோகத்திலேயே இல்லை என்றது. அவள் அனுப்பிய கடைசிச் செய்தி இங்கிலீஷில் இருந்தது; ஞானையன் அதைக் கடைக்கு வந்த ஒரு டீச்சரிடம் காட்டி வாசிக்கச் சொன்னார். சுகமாக வந்து சேர்ந்தேன், தேட வேண்டாம் என்று இருந்தது.

"நம்ம பிள்ள அப்படி எழுதமாட்டாளே," என்றார் யேசுதாசன். "வந்து சேந்தேன்னா விமானத்துல என்ன தின்னக் கொடுத்தான்னுலா எழுதுவா." அப்போதுதான் அவர் கை கயிற்றை விட்டது.

காவல் நிலையத்தில் அவர்கள் முறை வர மத்தியானம் ஆனது. யேசுதாசன் மகளின் புகைப்படம், பாஸ்போர்ட் நகல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஞானஸ்நான அட்டை வரை கொண்டுவந்திருந்தார். ஞானையன் மடியிலிருந்து அவள் கவர் லெட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். எழுத்தர் நிதானமான ஆள். சின்ன வயசு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இதுல தகப்பன் செத்தாச்சுன்னு போட்டிருக்கே."

"அது சும்மா எழுதினது சார்," என்றார் யேசுதாசன்.

"எனக்காக யாரும் வந்து கேட்கமாட்டார்கள்னும் இருக்கு. கீழ இருக்க கையெழுத்து அவளோடதுதானா?"

"அவளோடதுதான்."

"மேஜரான பொண்ணு. தானா எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானாப் போயிருக்கா. அந்த நாட்டுல இருந்து என்னன்னு கேட்டா நான் இதைத்தானே காட்டணும்? அவன் கையிலயும் இதானே இருக்கும்?" எழுத்தர் நிமிர்ந்து யேசுதாசனைப் பார்த்தார். "அப்ப நீரு ஆரு?"

யேசுதாசன் புகைப்படத்தை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அதில் பெபிஷா, சிரிப்பை அடக்கத் தெரியாமல், கன்னத்தை உப்பியபடி இருந்தாள்.

"அத எழுதச் சொன்னது நான்," என்றார் ஞானையன்.

"நீரா? நீரு என்ன, ஏஜென்டா?"

"இல்ல. அண்டியாபீசுல மேஸ்திரியா இருந்தேன்."

எழுத்தர் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "அப்பன் இல்ல, ஆளு இல்லைன்னு எழுதினா அவனுக ஒடனே எடுப்பானுகன்னு ஒமக்கு எப்படித் தெரியும்?"

மேசைமேல் புகைப்படத்துக்குப் பக்கத்தில் மைப்பெட்டி திறந்து கிடந்தது. ஞானையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.